ஐப்பசிக் காற்றில் இறங்கும் அரிய பறவைகள்: ஏன் இங்கே, ஏன் இப்போது?

புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறக்கும் நேரத்தில் தமிழ்நாட்டுக் கடற்கரையின் ஏதோ ஒரு மூலையில், வழக்கமாகக் கண்ணில் படாத பறவை ஒன்று வந்து இறங்கும். மறுநாள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ‘அரிய பறவை வருகை’ என்று படத்தோடு செய்தி வரும். பறவையின் பெயர் இருக்கும், எந்த நாட்டிலிருந்து வந்தது என்று இருக்கும், எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் என்பது கண்டிப்பாக இருக்கும். ஏன் வந்தது என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. எனக்கு அந்த ஏன்தான் முக்கியமாகப் படுகிறது. வழி தவறிய இளம்பறவை, புயல் தூக்கிவந்த கடல்பறவை, எப்போதும் நம் தலைக்கு மேலே கடந்துபோய் ஒருநாள் மட்டும் தரையிறங்கிய பயணி, ஒரு காலத்தில் கூட்டமாக வந்து இன்று ஒன்றிரண்டாகச் சுருங்கிவிட்டது என ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. எல்லாவற்றையும் ஒரே மாதிரிக் கொண்டாடிவிட்டுப் போனால், இதில் எதற்குக் கவலைப்பட வேண்டும் என்பது தெரியாமலே போய்விடும்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். வடக்கிலிருந்து கிழக்குக் கரையை ஒட்டியே தெற்கே வரும் ஒரு பறவைக்கு, வேதாரண்யத்துக்குத் தெற்கே கோடியக்கரையில் நிலம் முடிந்துவிடுகிறது. எதிரே பாக் நீரிணை, அதைத் தாண்டினால் யாழ்ப்பாணம். நடுவில் இருப்பது சுமார் 60 கிலோமீட்டர் கடல்தான். இன்னும் தெற்கே தனுஷ்கோடியில் அந்த இடைவெளி அதில் பாதியாகக் குறைகிறது, வழியில் மணல்திட்டுகள் வேறு. நிலத்தின் மேலேயே பறந்துவந்த பறவைகள் கடலைக் கடப்பதற்கு முன்னால் இந்த முனைகளில் குவிகின்றன, சில தங்கி இரை தேடி உடம்பைத் தேற்றிக்கொள்கின்றன, காற்று சரியில்லை என்றால் காத்திருக்கின்றன. கோடியக்கரை 1967இல் சரணாலயம் ஆனதும், 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததும், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக அங்கே பறவைகளுக்கு வளையம் மாட்டிவருவதும் இந்த நில அமைப்பால்தான். அந்த வளையத்தில் ‘பம்பாய்க்குத் தகவல் சொல்லுங்கள்’ என்கிற மாதிரி ஒரு வரியும் எண்ணும் இருக்கும். பறவையியலாளர் சாலிம் அலி முன்னின்று 1959இல் தொடங்கிவைத்த வேலை அது.

காலத்தைப் பொறுத்தவரை நாம் கொஞ்சம் தாமதமாகவே விழித்துக்கொள்கிறோம். ‘சீசன்’ என்றால் மார்கழி, தை என்றுதான் எல்லார் மனதிலும் பதிந்திருக்கிறது; பள்ளிக் குழந்தைகளைச் சரணாலயத்துக்குக் கூட்டிப்போவதும் அப்போதுதான். ஆனால் ஆர்க்டிக்கில் கூடு கட்டும் உள்ளான்கள் என்ற சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகள் ஆடி முடிவதற்குள்ளேயே இங்கே வரத் தொடங்கிவிடும். வளைமூக்கு உள்ளானை எடுத்துக்கொள்ளுங்கள். சைபீரியாவின் வடகோடியில் தைமிர் போன்ற இடங்களில் முட்டையிடும் பறவை. இனச்சேர்க்கை முடிந்ததும் ஆண்கள் கிளம்பிவிடும், குஞ்சுகள் ஓரளவு தேறியதும் தாய்களும் கிளம்பிவிடும். கடைசியில் மிஞ்சுவது அந்த வருஷத்து இளம்பறவைகள், வழிகாட்டப் பெரியவர்கள் யாரும் இல்லாமல். ஆகஸ்டில் கோடியக்கரை சதுப்பில் நெஞ்சில் செங்கல் நிறத் திட்டுகளோடு நிற்பவை பெரியவை. செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் முதுகுச் சிறகுகளுக்கு வெளிர் ஓரம் வைத்து மீன்செதில் போலத் தெரிபவை அந்த வருஷத்துப் பிள்ளைகள்.

இந்த இளம்பறவைகள்தான் இலையுதிர்கால அரிய காட்சிகளின் முக்கியக் காரணம். முன்பின் போகாத இடத்துக்கு அவை எப்படி வந்துசேர்கின்றன என்ற கேள்விக்கு அருமையான ஒரு பரிசோதனை இருக்கிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த பெர்டெக் என்ற ஆய்வாளர், வலசை வழியில் பிடித்த 11,000க்கும் மேற்பட்ட ஸ்டார்லிங் பறவைகளை விமானத்தில் ஏற்றி சுவிட்சர்லாந்தில் கொண்டுபோய் விட்டார். முடிவுகள் 1958இல் வெளியாயின. ஏற்கெனவே ஒருமுறையாவது பயணம் போய்வந்திருந்த பெரிய பறவைகள் தாங்கள் இடம் மாறியிருப்பதைப் புரிந்துகொண்டு திசையைத் திருத்தி, பழைய குளிர்கால இடமான வடபிரான்ஸ், தென் இங்கிலாந்து பக்கம் போய்விட்டன. முதன்முறை கிளம்பிய இளசுகளோ, நெதர்லாந்திலிருந்து எந்தத் திசையில் போயிருக்குமோ அதே திசையில் சுவிட்சர்லாந்திலிருந்தும் பறந்து ஸ்பெயினில் போய் நின்றன. அதாவது முதல் பயணத்தில் ஒரு பறவையிடம் இருப்பது பிறவியிலேயே வந்த திசையும் தூரமும் மட்டும்தான், ஊரின் வரைபடம் கிடையாது. வழியில் இரண்டு நாள் பக்கக் காற்று அடித்துத் தள்ளினாலோ, உள்ளிருக்கும் திசையுணர்வு பிறவியிலேயே சற்றுப் பிசகியிருந்தாலோ அது தன் பாட்டுக்கு வேறொரு நாட்டில், சில நேரம் வேறொரு கண்டத்தில் போய் இறங்கும். தமிழ்நாட்டுக்கே புதிது என்று பதிவாகும் ஒரு பறவையின் படத்தைப் பார்த்தால் முதலில் அது இளசா பெரிசா என்று கேளுங்கள். பாதிக் கதை அதிலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்டோபரில் நம் சதுப்பில் எத்தனை இளம் உள்ளான்கள் நிற்கும் என்பதை சைபீரியாவின் லெம்மிங் எலிகள் தீர்மானிக்கின்றன. லெம்மிங் பெருகும் வருஷங்களில் ஆர்க்டிக் நரிகள் அவற்றையே தின்று வயிற்றை நிரப்பிக்கொள்ளும், உள்ளான் குஞ்சுகள் பிழைக்கும். எலி குறையும் வருஷத்தில் நரி முட்டையையும் குஞ்சையும் தேடிப் போகும், அந்த வருஷம் தெற்கே வரும் இளசுகள் சொற்பம். ஏறக்குறைய மூன்று வருஷச் சுழற்சியில் இது மாறி மாறி வருவதை ஆய்வாளர்கள் வெகுநாள் முன்பே கவனித்துவிட்டார்கள். ‘போன வருஷம் நிறைய இருந்தது, இந்த வருஷம் காணோம், அழிந்துபோச்சு’ என்று ஒரே வருஷத்தை வைத்து முடிவுகட்டக் கூடாது என்று சொல்வதற்கு இது ஒரு காரணம்.

சரி, காற்றுக்கு வருவோம். வடகிழக்குப் பருவமழை சராசரியாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்குகிறது. அதற்கு முன்பு, செப்டம்பரிலும் அக்டோபர் முதல் பாதியிலும், சதுப்புகளில் நீர் மட்டம் தாழ்ந்து சேற்றுப் பரப்பு திறந்து கிடக்கும். நம் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கமே ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் சிறிய கால்களை உடைய கொசு உள்ளான் நிற்க இடம் இருக்குமா இருக்காதா என்பதை மழையும் காற்று தள்ளும் தண்ணீருமே முடிவு செய்கின்றன. பெருமழை இறங்கியதும் சதுப்பு நிரம்பி, சின்ன உள்ளான்கள் உப்பளப் பாத்திகளுக்கும் வேறு இடங்களுக்கும் கலைந்துவிடும். கரைப்பறவைகளில் அரியவற்றைத் தேடுகிறவர்கள் மழைக்கு முந்தைய இந்த வாரங்களை விடவே கூடாது.

மழையோடு வருவது புயல், புயலோடு வருவது கடல்பறவைகள். ஃப்ரிகேட் பறவைகள், சூட்டி ஆலாக்கள் போன்றவை நடுக்கடலிலும் தீவுகளிலும் வாழ்பவை. கரையில் நின்று பார்க்கும் நமக்கு அவை கண்ணில் படவே படாது. தாழ்வழுத்தம் உருவாகிக் கரையைக் கடக்கும்போது காற்றோடு இழுபட்டு, கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கும் ஏரியின் மேல்கூட ஃப்ரிகேட் வட்டமடிக்கும். படம் எடுப்பவர்களுக்கு அது பெரிய நாள்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பறவை பல நாள் இரை இல்லாமல் எலும்பும் தோலுமாக இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். தரையில் உட்கார்ந்துவிட்ட ஒரு சூட்டி ஆலாவை இன்னும் கொஞ்சம் கிட்டே, இன்னும் கொஞ்சம் கிட்டே என்று நெருங்கி மறுபடி மறுபடி எழுப்பிவிடுவது அதைக் கொல்வதற்குச் சமம். புயல் கொண்டுவருவதைப் பற்றியே பேசுகிறோம், அது எடுத்துப்போவதையும் சொல்லியாக வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம்தான் கரையைக் கடந்தது. கோடியக்கரைக் காட்டில் மரங்கள் சாய்ந்தன, மான்களும் ஏராளமான பறவைகளும் செத்து ஒதுங்கின.

இனி நம் தலைக்கு மேலேயே போய்விடுகிற பயணிகள். அமூர் வல்லூறு என்று புறா அளவே உள்ள சின்ன வல்லூறு ஒன்று உண்டு. கிழக்கு ரஷ்யாவிலும் வட சீனாவிலும் கூடு கட்டி, தென் ஆப்பிரிக்கா வரை போகிறது. அக்டோபர், நவம்பரில் நாகாலாந்து, மணிப்பூர் பகுதிகளில் லட்சக்கணக்கில் கூடும். 2012இல் நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தை ஒட்டிய பகுதியில் வலை விரித்து அவற்றைக் கொன்றார்கள். அந்தப் பருவத்தில் செத்தவை ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கும் என்று அதை வெளியே கொண்டுவந்தவர்கள் மதிப்பிட்டார்கள். அடுத்த வருஷமே பாங்தி முதலிய ஊர்க்காரர்கள் வேட்டையை நிறுத்திவிட்டார்கள். ஒரே வருஷத்தில் இப்படித் திரும்பியதை நான் இந்தியப் பறவைப் பாதுகாப்பின் பெரிய வெற்றிகளில் ஒன்றாக நினைக்கிறேன். 2013 நவம்பரில் அங்கே மூன்று வல்லூறுகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தி நாகா, வோக்கா, பாங்தி என்று பெயர் வைத்தார்கள். பிறகு மணிப்பூரிலும் இந்த வேலை நடந்தது. 2025 நவம்பரில் தாமெங்லாங்கில் விடப்பட்ட அபபாங் என்ற ஆண் 76 மணி நேரத்தில் 3,100 கிலோமீட்டர் போனது.

இந்தக் கருவிகள் காட்டிய வழி தீபகற்ப இந்தியாவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு அரபிக்கடலுக்குள் போகிறது, அங்கிருந்து நிற்காமல் சோமாலியா. வடகிழக்குக் காற்று பின்னாலிருந்து தள்ள, உயரத்தில், பெரும்பாலும் யார் கண்ணிலும் படாமல். தமிழ்நாட்டில் கார்த்திகை வாக்கில் எங்காவது மின்கம்பியில் ஒரு அமூர் வல்லூறு உட்கார்ந்திருந்தால் அது தன் வழியைத் தவறவிட்டது என்று உடனே சொல்லிவிட முடியாது. மேலே ஆயிரக்கணக்கானவை போய்க்கொண்டிருக்க, மழையோ களைப்போ ஒன்றைக் கீழே இறக்கியிருக்கலாம். இதோடு சேர்த்து ஒன்றைக் கவனிக்கலாம். இதே பருவத்தில் தட்டான்களும் இந்தியாவிலிருந்து கடல் தாண்டி மாலத்தீவு வழியாக ஆப்பிரிக்கா போகின்றன என்று மாலத்தீவில் வாழ்ந்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் 2009இல் எழுதினார். வல்லூறு கடல் மேல் போகிறபோது இவற்றைப் பிடித்துத் தின்றுகொண்டே போகலாம் என்ற கருத்து அங்கிருந்து வந்ததுதான். தட்டான் தாழப் பறந்தால் மழை என்று ஊரில் சொல்வார்களே, அந்த மழைக்காற்றிலேயே அவையும் பயணம் போகின்றன.

ஆறுமணிக்குருவி இதற்கு நேர் எதிர். அரிதே இல்லை. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கோடையைக் கழித்துவிட்டு செப்டம்பர், அக்டோபரில் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் வருகிறது. இரவில் பறக்கும், பகலில் புதருக்குள் சருகைக் கிளறிக்கொண்டு மறைந்திருக்கும், அதனால் யாரும் பார்த்ததில்லை. வந்த அலுப்பில் கண்ணாடி ஜன்னலில் மோதியோ, மொட்டை மாடியில் விழுந்தோ திடீரென்று கையில் கிடைக்கும்போது, அந்தப் பச்சையும் நீலமும் வயிற்றின் சிவப்பும் பார்த்து ‘வெளிநாட்டு அதிசயப் பறவை’ என்று செய்தி வந்துவிடுகிறது. அப்படி ஒன்று உங்கள் வீட்டில் விழுந்தால் துளை போட்ட அட்டைப்பெட்டிக்குள் துணி விரித்து வையுங்கள், இருட்டான அமைதியான இடத்தில் சில மணி நேரம் விடுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். நாயும் பூனையும் காகமும் அண்டாத இடமாகப் பார்த்து, சாயங்காலம் மரம் செடி உள்ள பக்கம் பெட்டியைத் திறந்துவைத்தால் தெம்பு வந்த பறவை தானே போய்விடும். சிறகோ காலோ ஒடிந்திருந்தால் வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ சொல்லிவிடுங்கள்.

அரிய காட்சிகள் வருஷா வருஷம் கூடுவதாகத் தோன்றுவதற்குப் பறவைகளைவிட மனிதர்கள் பெரிய காரணம். இருபது வருஷத்துக்கு முன் ஒரு மாவட்டத்தில் பைனாகுலர் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2007இல் மைக்ரன்ட்வாட்ச் தொடங்கி, வலசைப் பறவை முதலில் எந்தத் தேதியில் வந்தது என்று பொதுமக்கள் பதிவு செய்ய ஆரம்பித்தார்கள். அப்புறம் பார்த்த பறவைகளை இணையத்தில் பதிவு செய்யும் இபேர்ட் தளம் வந்தது, பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு வந்தது, பெரிய லென்ஸ் கேமராக்கள் வந்தன. ஆள் நிற்காத இடத்தில் அரிய பறவை இறங்கினால் அது கணக்கில் வராது, அவ்வளவுதான் விஷயம்.

இலங்கையின் மேற்குக் கரை இதற்கு நல்ல சாட்சி. ஜூலை தொடங்கி அக்டோபர் வரை கொழும்பு, சிலாபம் பக்கக் கடலில் பிரைடில்டு ஆலாக்கள் ஆயிரக்கணக்கில் தெற்கே போகின்றன. 1980களில் ஒருவர் பொறுமையாகக் கடலைப் பார்த்து எண்ணத் தொடங்கிய பிறகுதான் அப்படி ஒரு பெரிய ஓட்டம் இருப்பதே தெரிந்தது. அதே போல மன்னாரில் ஹ்யூக்ளின் கடற்காகங்களுக்கு ஜிபிஎஸ் கருவி பொருத்தியபோது, அவை ஆர்க்டிக் வரை போய் அதே மன்னாருக்குத் திரும்பி வருவது தெரிந்தது. நம் பக்கத்தில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே கரையிலிருந்து ஸ்கோப் வைத்துக் கடலைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் இன்னும் மிகக் குறைவு. அங்கே இன்னும் எவ்வளவோ காத்திருக்கிறது என்பது என் நம்பிக்கை.

காலில் நிறக்கொடி கட்டிய பறவைகளும் இப்படித்தான் பிடிபடுகின்றன. எந்த நிறம் மேலே, எந்த நிறம் கீழே என்பதை வைத்து எந்த நாட்டில் கட்டியது என்று கண்டுபிடிக்கலாம். ரஷ்யாவின் கம்சாட்காவில் கொடி கட்டிய கிரேட் நாட் என்ற பெரிய உள்ளான் ஒன்று 9,000 கிலோமீட்டருக்கு அப்பால் கேரளத்தின் சாவக்காடு கடற்கரையில் நின்றது. கிரேட் நாட் பெரும்பாலும் கிழக்கு ஆசியா வழியாக ஆஸ்திரேலியா போகிற பறவை. கிழக்கு ஆசிய வலசை வழியும் மத்திய ஆசிய வலசை வழியும் நம் கரையில் ஒன்றன்மேல் ஒன்று படர்கின்றன என்பதற்கு அந்த ஒற்றைக் கொடியே போதுமான சாட்சி.

அந்தப் பறவையிலிருந்துதான் கவலையும் தொடங்குகிறது. கிழக்கு ஆசிய வழியில் போகும் கரைப்பறவைகள் சீனாவுக்கும் கொரியாவுக்கும் நடுவே உள்ள மஞ்சள் கடலின் சேற்றுத் தரைகளில் இறங்கித் தின்று எடையைக் கூட்டிக்கொண்டுதான் மறுபாதிப் பயணத்தைத் தொடர முடியும். தென்கொரியாவில் சேமாங்கும் என்ற இடத்தில் 33 கிலோமீட்டர் கடற்சுவர் எழுப்பி 2006இல் ஒரு முகத்துவாரத்தையே மூடினார்கள். அங்கே நின்றுகொண்டிருந்த கிரேட் நாட்கள் வேறிடம் போய்ப் பிழைக்கவில்லை, மொத்த எண்ணிக்கையே விழுந்தது. கரண்டிமூக்கு உள்ளானின் கதை இன்னும் மோசம். ரஷ்யாவின் வடகிழக்கு மூலையில் மட்டுமே கூடு கட்டும் அந்தப் பறவை இப்போது உலகம் முழுக்கச் சில நூறுதான் மிஞ்சியிருக்கிறது. முன்பு கோடியக்கரையில் பதிவான பறவை அது. இன்று யாராவது அங்கே ஒன்றைப் பார்த்தால் நாடு முழுக்கச் செய்தியாகும். காற்று தவறிக் கொண்டுவந்த பறவை என்று அதைச் சொல்ல முடியாது, இதே கரையை அறிந்திருந்த பறவை.

அதைவிட எனக்கு வலிக்கிற விஷயம் செய்தியில் வராத பறவைகள். வளைமூக்கு உள்ளான் கோடியக்கரையில் சர்வசாதாரணம், யாரும் அதற்காகக் கேமராவைத் தூக்கமாட்டார்கள். 2024 அக்டோபரில் உலக அளவில் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சிவப்புப் பட்டியலைப் புதுப்பித்தபோது அதை அழியக்கூடிய நிலைக்கு நகர்த்தினார்கள். நம் கடற்கரைகளில் தனித்தனியாக நிற்கும் சாம்பல் உப்புக்கொத்திக்கும் அதே நிலை. இந்தியப் பறவைகளின் நிலை குறித்த 2023 அறிக்கையில் நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 வகைகளில் 60 சதவீதம் குறைந்திருக்கின்றன, அதில் கரைப்பறவைகளின் சரிவு கடுமையானது. கோடியக்கரையில் பல பத்தாண்டுகள் வேலை செய்த எஸ். பாலச்சந்திரன் போன்றவர்கள், 1980களில் தாங்கள் பார்த்த கூட்டங்களோடு இன்றையதை ஒப்பிடவே முடியாது என்று வெகுகாலமாகச் சொல்லிவருகிறார்கள். நன்னீர் வரத்து குறைந்தது, சதுப்பின் உப்புத்தன்மை மாறியது, உப்பளம் விரிந்தது என்று உள்ளூர்க் காரணங்களும் இருக்கின்றன. எல்லாப் பழியையும் மஞ்சள் கடல் மேல் போட்டுவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

ஆகவே இந்த ஐப்பசியில் பைனாகுலரோடு கிளம்புகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். அரிய பறவை கிடைத்தால் படம் எடுங்கள், தேதி, இடம், அன்றைய காற்றும் மழையும், இளசா பெரிசா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அது தங்கி இளைப்பாறுகிறது என்றால் இடத்தைச் சில நாள் கழித்து வெளியே சொல்லுங்கள், ட்ரோனை அந்தப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். அதோடு, அந்தப் பறவை நின்ற அதே சேற்றில் கொசு உள்ளான் எத்தனை, வளைமூக்கு உள்ளான் எத்தனை, அதில் இளசுகள் எத்தனை என்று எண்ணி எழுதிவிட்டு வாருங்கள். அடுத்த வருஷம் அதே வாரத்தில் அதே இடத்தில் மறுபடி எண்ணுங்கள். லெம்மிங் குறைந்த வருஷம் எது, மெய்யான சரிவு எது என்று பிரித்துப் பார்க்க அந்த எண்கள்தான் உதவும்.